வராத இஞ்சினீயர்

என் சகலை பொய் சொன்னார். நான் கையால் செய்த வேலையை, திண்டிவனத்துக்கே வராத ஒரு மெட்ராஸ் இஞ்சினீயருக்குத் தூக்கிக் கொடுத்தார். இதை அவர் முகத்துக்கு நேராகவும் சொல்வேன்.

அறுபதுகளின் நடுவில் எனக்கு விழுப்புரம் ஸ்டேஷன் பக்கம் சின்னக் கடை. எரிந்துபோன ஃபேனுக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றித் தருவேன், மோட்டாரும் பார்ப்பேன். சகலை, அதாவது என் மனைவியின் அக்கா புருஷன், திண்டிவனத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். அவர் வீடு ஏரிக்குப் பக்கம். சுவரெல்லாம் ஓதம். பீரோவில் வைத்த பட்டுப்புடவையில் பூசணம் பூக்கும். வியட்நாமில் சைகோனிலிருந்து திரும்பிய அவர் அண்ணன், காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் மிஷின் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே சில்லென்ற குழாய்கள். பின்னால் ஒரு ஃபேன் காற்றை இழுக்கும். குழாயில் பட்டுக் காற்றின் ஈரம் தண்ணீராகத் தட்டில் சொட்டும். தெருவே வந்து பார்த்தது.

எனக்கு வயிறு எரிந்தது. அந்த மிஷின் எப்படி ஓடுகிறது என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. இருந்தது அவர் வீட்டில். என் மனைவி அங்கே போய்வரும்போதெல்லாம் ஆரம்பிப்பாள். "அக்கா வூட்டு செவுத்துல கை வச்சா காஞ்ச வறட்டி மாதிரி இருக்குது. நம்ம வூட்ல உப்பு ஜாடி தண்ணியா ஓடுது."

அந்த வருஷம்தான் எங்கள் மாமனார் தன் நெல் மில்லை ஆயில் இஞ்சினிலிருந்து கரண்டு மோட்டாருக்கு மாற்ற இருந்தார். மோட்டார்களைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். என்னைத்தான் மனதில் வைத்திருந்தார். எனக்கு வேண்டியிருந்தது அந்த வேலை ஒன்றுதான்.

மார்கழியில் சகலையிடமிருந்து கார்டு வந்தது. மிஷின் ஐஸ் கட்டுகிறது, தண்ணீர் சொட்டவில்லை, உடனே வரவும். படித்ததும் சந்தோஷப்பட்டேன். மறைக்க மாட்டேன். அன்றைக்கு இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டேன்.

காலை பாசஞ்சரில் போய் இறங்கினேன். குழாய் முழுக்க விரல் கனத்துக்கு வெள்ளையாய் ஐஸ். சகலை ஸ்க்ரூ டிரைவரால் குத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கைய எடுங்க! குழாய்ல ஓட்ட வுழுந்தா உள்ள இருக்கற கேஸு பூடும். அப்புறம் இது வெறும் தகரப் பொட்டிதான்."

"பின்ன இன்னா பண்ணச் சொல்ற? சைகோன்ல ஒழுங்கா ஓடிக்கினு இருந்தது, இங்க வந்து பேஜாரு பண்ணுது. ஜல்தி பாரு சகல, தெருவுல கேக்கறாங்க."

பிளக்கைப் பிடுங்கி ஐஸைத் தானாக உருகவிட்டேன். கேஸ் குறைந்திருந்தாலும் ஐஸ் கட்டும். அப்படியிருந்தால் இந்த ஜில்லாவில் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அப்படியே இருக்கட்டும் என்று ஒரு நிமிஷம் ஆசைப்பட்டேன். பிறகு ஃபேனைப் பார்த்தேன். எண்ணெய் விட்டேன், நன்றாகச் சுற்றியது. சுவரோடு ஒட்டிக் கிடந்த மிஷினை ஒரு முழம் முன்னால் இழுத்து ஓடவிட்டேன். ஒரு மணி நேரத்தில் மறுபடி வெள்ளை பூத்தது.

ஒரு காகிதத்தைப் பின்பக்கம் பிடித்தேன். காற்றை இழுத்தால் காகிதம் போய் ஒட்ட வேண்டும். கீழே விழுந்தது. பின்மூடியைக் கழற்றினேன். காற்று நுழையும் சல்லடை தார் பூசியது போல அடைத்துக் கிடந்தது. முகர்ந்தேன். சாம்பிராணி.

மனைவியின் அக்கா பெருமையாகச் சொன்னார். "வெள்ளிக்கிழமயானா தூபக்கால அதுங்கிட்ட வச்சிருவேன். அதுவே பொகைய இழுத்து வூடு பூரா அனுப்பிடுது. நான் ரூம் ரூமா சுத்த வேணாம் பாருங்க."

"நல்லா இருக்குது! மிஷினுக்கு மூச்சு முட்டிப் போச்சு."

நான் சிரித்தேன். சகலை சிரிக்கவில்லை.

வெந்நீரும் சோப்பும் போட்டுச் சல்லடையைத் தேய்த்தேன். வெயிலில் காயவைத்து மாட்டினேன். அறையின் காற்று உள்ளே போகாவிட்டால் குழாய் மேலும் மேலும் குளிர்ந்து, சொட்ட வேண்டிய தண்ணீர் அங்கேயே உறையும் என்று சொன்னேன். மார்கழிப் பனியில் விடியற்காலை ஓட்ட வேண்டாம், வெயில் ஏறிய பிறகு போடுங்கள் என்றும் சொன்னேன். சாயங்காலம் தட்டில் தண்ணீர் சொட்டியது.

கொல்லையில் கை கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று, யார் சரி பண்ணியது என்று கேட்டார்.

"மெட்ராஸ்லேர்ந்து இஞ்சினீரு வந்து பாத்துட்டுப் போனாரு" என்றார் சகலை.

சைகோன் மிஷினை விழுப்புரத்து ஃபேன்காரன் தொட்டான் என்றால் தெருவில் மதிப்புக் குறையும் போல. வெட்டிப் பெருமை என்று விட்டுவிட்டேன். அங்கேயே கேட்டிருக்க வேண்டும்.

மாசியில் மாமனார் மில்லுக்குக் கூப்பிட்டார். சகலையும் இருந்தார்.

"மாப்ள, மோட்டாரு வேலைய மெட்ராஸ் ஆளுங்ககிட்டயே குடுத்துடலாம்னு இருக்கேன். பெரிய மாப்ள வூட்டு மிஷின ஒரே நாள்ல சரி பண்ணிட்டாராமே அந்த இஞ்சினீரு? நீங்க ஃபேன் பாக்கறவரு, தப்பா நெனச்சுக்காதீங்க."

"மாமா, அத சரி பண்ணது நான்தான். அண்ணனக் கேளுங்க."

சகலை வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார். "அவரும் கூட இருந்தாரு" என்றார். அவ்வளவுதான். வேலை மெட்ராஸுக்குப் போனது. நான் ஃபேன் சுற்றியே காலத்தைக் கழித்தேன்.

எனக்குப் பொறாமை இருந்தது. அந்தச் சல்லடையை அடைத்தபடியே விட்டு, கேஸ் போய்விட்டது என்று ரயில் ஏறியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. நான் அப்படிச் செய்யவில்லை.

மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டார். வரும் தையில் உங்கள் பேத்தி கல்யாணம், சகலை. சொந்தக்காரர்கள் எல்லாரும் வருவார்கள். பந்தலில் எழுந்து நின்று, மைக்கைப் பிடித்துச் சொல்லுங்கள்: அந்த இஞ்சினீயர் பேர் என்ன? எந்த ரயிலில் வந்து இறங்கினார்?