நாற்பத்தெட்டு நிமிடக் கோபம்

படங்களை வெட்டி ஒட்டுவது அவள் தொழில். பேச்சும் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். அதனால் எடிட்டிங் அறைகள் இருந்த அந்த மூன்று மாடிக் கட்டடம் முழுக்க அவளுக்கு நறுக்கக்கா என்றே பெயர். கோபம் வந்தால் அவள் கத்த மாட்டாள். குரல் தாழ்ந்துகொண்டே போகும். விவரம் தெரிந்தவர்கள் அப்போதே ஏதாவது வேலை இருப்பதாகச் சொல்லி நகர்ந்துவிடுவார்கள்.

அந்தச் சூப்பர்ஹீரோ படம் அவளிடம் வந்தபோது அவளுக்கு நாற்பத்து நாலு வயது. லிஃப்ட் பழுதுபார்க்கும் ஒருவனுக்கு, ஓடுகிற எதையும் உள்ளங்கையைக் காட்டி நிறுத்தும் சக்தி வருகிறது. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் நிறுத்த முடியும். ஒருநாள் பாலம் இடிந்து விழுகிறது. பாலத்தின் இரண்டு முனைகளிலிருந்தும் இரண்டு பஸ்கள் வருகின்றன. ஒன்றை நிறுத்துகிறான். மற்றது ஆற்றுக்குள் போகிறது. அதில் இருந்தவள் ஒரு இன்ஜினியரின் மனைவி. பாலம் தாங்காது என்று வருடக்கணக்காக எழுதிப்போட்டு யாரும் கண்டுகொள்ளாத இன்ஜினியர். அவன்தான் பிறகு வில்லனாகிறான். கடைசியில், அணையைத் திறந்து ஊரையே மூழ்கடிக்கப்போகும் நேரத்தில், ஹீரோவின் சட்டையைப் பிடித்து, "எந்த பஸ்னு எப்படி முடிவு பண்ணின?" என்று கேட்டுவிட்டு உடைந்து அழுகிறான். ஹீரோவிடம் பதில் இல்லை.

படமே அந்த ஒரு கேள்விதான் என்று நறுக்கக்கா நினைத்தாள். எட்டு மாதம் உட்கார்ந்து, இரண்டு மணி ஐம்பத்தெட்டு நிமிடத்துக்குக் கொண்டுவந்தாள்.

வெளியீட்டுக்கு மூன்று வாரம் முன்பு தயாரிப்பாளர் அறைக்கு வந்தார். பின்னாலேயே இயக்குநரும் வந்தான். அவளைவிடப் பத்து வயது சின்னவன். அக்கா அக்கா என்று சுற்றி வருகிறவன்.

"ரெண்டு மணி பத்து நிமிஷத்துக்கு மேல ஒரு நொடி இருக்கக்கூடாதும்மா," என்றார் தயாரிப்பாளர். "தியேட்டர்ல ஒரு நாளைக்கு அஞ்சு காட்சி ஓட்டணும்."

"நாற்பத்தெட்டு நிமிஷம் எடுக்கணும் சார். எங்கேருந்து எடுக்கறது?"

"பேசுற சீன் எல்லாம் தூக்குங்க. சண்டைல கை வைக்காதீங்க. இந்த மாதிரி படத்துக்கு வர்றவன் யோசிக்கவா வர்றான்?"

"பாலத்து சீனையுமா?"

"ஹீரோ தோத்துப்போற சீன் எதுக்கு? அதைத்தான் முதல்ல தூக்கணும்."

"அப்போ கடைசில வில்லன் அழறது யாருக்கும் புரியாது."

"அவன் அழுதாத்தாம்மா ஹீரோ ஜெயிச்ச மாதிரி இருக்கும். அது இருக்கட்டும்."

அவள் இயக்குநரைப் பார்த்தாள். அவன் கைபேசியில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தான். எதையும் படிக்கவில்லை என்பது விரல் போன வேகத்திலேயே தெரிந்தது.

அன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை. நாம் போனால் வேறு யாராவது இன்னும் கோரமாக வெட்டிவிடுவார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். எட்டு மாதம் கோத்ததை ஒன்பது நாளில் தன் கையாலேயே பிய்த்தாள். அந்த ஒன்பது நாளை நினைத்தால் தயாரிப்பாளரைவிடத் தன்மேல்தான் அவளுக்கு அதிகம் எரிச்சல் வரும்.

படம் வெளியான இரண்டாம் நாள் கணவரோடு தியேட்டருக்குப் போனாள். அவர் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவர், அதிகம் பேசமாட்டார். முதல் ஒரு மணி நேரம் அடிதடி. அப்புறமும் அடிதடி. ஜனங்கள் நெளிய ஆரம்பித்தார்கள். வில்லன் சட்டையைப் பிடித்து, "எந்த பஸ்னு எப்படி முடிவு பண்ணின?" என்று கேட்டான். படத்தில் அதுவரை பஸ் என்ற ஒன்றே வரவில்லை. முன்வரிசையில் ஒருத்தன், "பதினேழாம் நம்பர்" என்றான். தியேட்டரே சிரித்தது. வில்லன் அழ அழச் சிரிப்பு ஏறிக்கொண்டே போனது.

அந்தச் சிரிப்பு அதோடு முடியவில்லை. ஒரே வாரத்தில் அந்த வசனம் எல்லார் கைபேசியிலும் ஓடியது. பஸ் நிறுத்தத்தில் யாராவது தயங்கி நின்றால் பக்கத்தில் நிற்பவர்கள் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். ஒரு பத்திரிகை, எடிட்டர் கண்ணை மூடிக்கொண்டு கத்தரி போட்டிருக்கிறார் என்று எழுதியது. தயாரிப்பாளரைப் பற்றி ஒரு வரி இல்லை.

நாத்தனார் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது அவளும் வாசலில் நின்று, "எந்த பஸ்ல போறீங்க அண்ணி? முடிவு பண்ணிட்டீங்களா?" என்றாள்.

நறுக்கக்கா செருப்பைப் போட்டுக்கொண்டே, "உன் வாய்லேருந்து வர்ற பஸ் எதுன்னு பார்த்துச் சொல்லு, அதையாவது நிறுத்தறேன்," என்றாள். குரல் நன்றாகத் தாழ்ந்திருந்தது. கணவர் படியில் நின்று, "வா, நடந்தே போகலாம்," என்றார். நடந்தே போனார்கள். வழி நெடுக அவர் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. அதற்காகத்தான் அவரை அவளுக்குப் பிடிக்கும்.

அடுத்த இரண்டு வருடம் சினிமா வரவில்லை. பற்பசை விளம்பரம், தீயணைப்புக் கருவி எப்படிப் பிடிப்பது என்று காட்டும் பயிற்சிப் படம், இப்படி ஓடியது. கட்டடத்தில் எதிரே வந்தவர்கள் பரிதாபமாகப் பார்த்தார்கள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

பிறகு ஒருநாள் தயாரிப்பாளர் அலுவலகத்திலிருந்து அழைப்பு. இணையத்தில் படம் காட்டும் ஒரு நிறுவனம் அதே படத்தை நீண்ட வடிவத்தில் கேட்கிறதாம். வெட்டிய காட்சிகளை அலுவலகத்தில் எப்போதோ அழித்துவிட்டார்கள். நறுக்கக்கா வீட்டு பீரோவில், போர்வைகளுக்கு நடுவே, ஒரு பிரதி இருந்தது.

"எடுத்ததை எல்லாம் திரும்பச் சேர்த்துடுங்கம்மா. நீளம்தானே கேக்கறாங்க," என்றார் தயாரிப்பாளர்.

"எடை பார்த்து அனுப்ப இது பார்சல் இல்ல சார். எது வரணும் எது போகணும்னு நான்தான் சொல்வேன். முடியற வரைக்கும் யாரும் அறைக்குள்ள வரக்கூடாது. நீங்களும்தான்."

அவருக்கு வேறு வழியில்லை. தலையாட்டினார்.

அவள் செய்த முதல் காரியம், சொன்னதற்கு நேர்மாறாக, எல்லாவற்றையும் திரும்பச் சேர்த்ததுதான். வீம்பு. ஒரு ஞாயிறு காலையில் கணவரை உட்கார வைத்துப் போட்டுக் காட்டினாள். ஹீரோ வாடகை வீடு தேடி அலையும் காட்சியில் அவர் தூங்கிப்போனார். அந்தக் காட்சிக்காக அவள் அன்றைக்கு உயிரைக் கொடுத்து வாதாடியிருந்தாள்.

"உங்களுக்கு ரசனைன்னு ஒண்ணு இருக்கா?" என்றாள்.

"அவனுக்கு வீடு கிடைக்காதுன்னு முதல் வீட்டிலயே தெரிஞ்சுடுச்சே," என்றார் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அந்தக் காட்சியில் மூன்று வீடுகளை எடுத்தாள். மனம் ஒப்பவில்லை, ஆனால் கண்ணுக்குச் சரியாக இருந்தது. அதன்பிறகு கை தானாக ஓடியது. யாரும் தொடக்கூடாது என்றிருந்த சண்டைகளிலும் புகுந்து வெட்டினாள். பாலத்துக் காட்சியில் மட்டும் ஒரு ஃபிரேமைக்கூட எடுக்கவில்லை. ஹீரோ இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்க்கும் அந்தப் பதினோரு நொடி, இன்ஜினியர் ஆற்றங்கரையில் மனைவியின் செருப்பைத் தேடுவது, அவன் எழுதிப்போட்ட கடிதங்களை அலுவலகத்தில் ஒருத்தி அலமாரியிலிருந்து பிரிக்காமலே எடுத்துக்கொடுப்பது, எல்லாம் வந்தன. மொத்தம் பன்னிரண்டு நிமிடம் போய், இரண்டு மணி நாற்பத்தாறில் நின்றது. தியேட்டரில் ஓடியதைவிட முப்பத்தாறு நிமிடம் அதிகம். பார்த்தால் சீக்கிரம் முடிந்துவிட்ட மாதிரி இருந்தது.

கட்டடத்தின் கீழ்த்தளத்துச் சின்னத் திரையரங்கில் ஒரு பகல் நேரத்தில் போட்டுக் காட்டினார்கள். இணைய நிறுவனத்தார் நாலு பேர், ஒலிக்காரர்கள், தயாரிப்பாளர், இயக்குநர். வில்லன் சட்டையைப் பிடித்தான். அதே நடிப்பு, அதே வெளிச்சம், அதே வசனம். அந்தக் காட்சியில் அவள் எதையும் மாற்றவில்லை. யாரும் சிரிக்கவில்லை.

விளக்குப் போட்டதும் படம் ஓட்டியவர் மேலறையிலிருந்து இறங்கி வந்தார். இரண்டு வருடமாக அந்த வசனத்தைச் சொல்லியே ஆட்களைக் கலாய்த்தவர்.

"அவன் பொண்டாட்டி அந்த இன்னொரு பஸ்லயா இருந்தா?" என்றார். "இதை ஏங்க முதல்லயே வைக்கலை?"

அவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். சுர்ரென்று கோபம்தான் ஏறியது. "அதோ உட்கார்ந்திருக்காரே, அவரைக் கேளுங்க," என்றாள்.

படம் இணையத்தில் வந்து பெயர் வாங்கியது. தயாரிப்பாளர் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டார். மேடையில், "இந்தக் கதைக்கு நீளம் வேணும்னு நான் அன்னிக்கே நினைச்சேன். தியேட்டர்காரங்க விடலை," என்றார்.

மூன்றாவது வரிசையிலிருந்து நறுக்கக்கா எழுந்தாள். குரல் எவ்வளவு தாழ்வாக இருந்ததென்றால் பின்னால் இருந்தவர்கள் முன்னால் சாய்ந்தார்கள்.

"நீளம் கேட்டது நான் இல்ல சார். காரணம் கேட்டேன். ஒருத்தன் ஏன் அழறான்னு காட்டாம அவனை அழவிட்டா யாருக்கும் புரியாதுன்னு சொன்னேன். ஹீரோ தோக்கற சீனைத்தான் முதல்ல தூக்கணும்னு சொன்னவர் நீங்க. சிரிப்பு மொத்தமும் என் தலைல விழுந்தது. ரெண்டு வருஷம் நீங்க வாயைத் திறக்கலை. இப்போ மட்டும் எதுக்குத் திறக்கறீங்க?"

தயாரிப்பாளர் தண்ணீர் குடித்தார். இயக்குநர் மேடையிலேயே எழுந்து, "அக்கா சொல்றதுதான் உண்மை," என்றான்.

வெளியே வந்தபிறகு அவன் படியில் ஓடிவந்து, "அக்கா, சொல்லிட்டேன்ல?" என்றான்.

"எனக்கு உன்னால ஒரு பிரயோஜனமும் இல்லாத நாளாப் பார்த்துச் சொன்னியே, அதைத்தான் தாங்க முடியலை," என்றாள். அவன் அங்கேயே நின்றுவிட்டான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவன் படம் எதையும் அவள் எடுத்துக்கொள்ளவும் இல்லை.

வேலை வர ஆரம்பித்தது. இப்போது அவள் ஒப்பந்தத்தில் ஒரு வரி கூடுதலாக இருக்கும்: அவளைக் கேட்காமல் யார் எதை வெட்டினாலும் படத்திலிருந்து அவள் பெயரை எடுத்துவிட வேண்டும். போன மாதம் ஒரு புதுக் கம்பெனியில் அந்த வரியைப் பார்த்து மேலாளர் சிரித்தார். "இதெல்லாம் எதுக்கும்மா, நமக்குள்ள?"

"நமக்குள்ள என்ன இருக்கு? நாம இப்பத்தான் பார்க்கறோம்," என்று காகிதத்தை அங்கேயே வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடியிலிருந்து இறங்கினாள். முதல் மாடி வரைக்கும் வந்துவிட்டாள். மேலிருந்து மேலாளர் கைப்பிடிச்சுவரில் சாய்ந்து, "வாங்கம்மா, இருக்கட்டும், கையெழுத்துப் போட்டுடலாம்," என்று கூப்பிட்டார். முட்டி வலித்தது. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் என்ன என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே இரண்டு மாடியும் ஏறினாள்.