கடுகளவு எழுத்து

வடிவமைப்பு வகுப்பில் அவளுக்குப் 'பிடிவாதம்' என்றே பட்டப்பெயர். நூலகத்தில் சத்தம் போடாதீர்கள் என்று சொல்லும் போஸ்டர் செய்யச் சொன்னார்கள். மற்றவர்கள் உதட்டில் விரல் வைத்த படங்களாகப் போட்டுத் தள்ளினார்கள். அவளோ வெள்ளைத்தாளின் நடுவில் 'மெதுவாகப் பேசுங்கள்' என்று சிறிதாக வைத்ததோடு சரி.

"கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டா தேடுறது? எழுத்தைப் பெருசாக்கிட்டு வா!" என்று எட்ட நின்றே கத்தினார் ஆசிரியர்.

மறுநாள் அதை இன்னும் பொடியாக்கிச் சுவரில் ஒட்டினாள்.

ஆசிரியர் முறைத்தபடி வந்தார். படிக்க முடியாமல் கிட்டே போனார், குனிந்தார், மூக்கு தாளில் இடிக்கப் படித்தார்.

"என்னம்மா இது?" என்றார். குரல் கிசுகிசுவென்றுதான் வந்தது.

"நேத்து எட்ட நின்னு கத்துனீங்களே, சார்!"