நீலச் சோப்புச் சக்கரம்

என் அக்கா வீட்டுக்காரரைப் போல இன்னொரு நிதானமான மனிதர் உலகத்தில் இருந்தால், தயவுசெய்து என்னை அவரிடம் வேலைக்கு அனுப்பாதீர்கள். இவர் ஒருவரோடு பதினோரு வருடம் மல்லுக்கட்டியதே எனக்குப் போதும். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். மாமாவுக்குக் கோபம் வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். இருவரும் சேர்ந்து ஒரு பாலீஷ் பட்டறை நடத்துகிறோம் என்றால், அதற்கு அக்காதான் காரணம்.

பட்டறையில் ஐந்து மோட்டார்கள். ஒவ்வொன்றிலும் துணியை அடுக்கித் தைத்த ஒரு சக்கரம். அது சுற்றும்போது பாலீஷ் சோப்பை அழுத்தினால் துணியில் ஏறிக்கொள்ளும். பிறகு பொருளை அதில் காட்ட வேண்டும். சோப்பு என்று சொல்கிறோமே தவிர, மெழுகில் நுண்ணிய தூளைக் கலந்து இறுக்கிய கட்டிதான் அது. கருப்புக் கட்டி துருப்பிடித்த இரும்பையே சுரண்டும். பழுப்பு பித்தளைக்கும் அலுமினியத்துக்கும். பச்சை எவர்சில்வருக்கு. சிவப்பு தங்கம், வெள்ளி என்று மென்மையான சாமான்களுக்கு. நீலம் பிளாஸ்டிக்குக்கு.

இந்தக் கணக்கையும் மாமா முழுசாக நம்ப மாட்டார். ஒரு கம்பெனி பழுப்பில் போடுவதை இன்னொரு கம்பெனி மஞ்சளில் போடும் என்பார். புதுக் கட்டி வந்தால் உடைந்த துண்டு ஒன்றில் தேய்த்துப் பார்த்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, அதன் மேல் காகிதம் ஒட்டி எழுதிய பிறகுதான் அலமாரியில் வைப்பார். ஒரு சக்கரத்துக்கு ஒரே சோப்பு. தலைகீழாக நின்றாலும் அதை மாற்ற மாட்டார். முரட்டுத் தூள் ஒருமுறை துணிக்குள் இறங்கினால் அந்தச் சக்கரம் அப்புறம் மென்மையான வேலைக்கு ஆகாதாம். ஒரு தடவை பந்தயக் கோப்பை ஒன்றைப் பளபளப்பாக்கக் கொண்டுவந்தவரிடம், "உள்ள என்ன உலோகம்? மேல பூச்சா? எத்தன வருசம் ஆச்சு? இதுக்கு முன்னால எதுல தேச்சீங்க?" என்று கேட்டுக்கொண்டே போனார். "ஏங்க, நான் ஓட்டப்பந்தயத்துல ஜெயிச்சுதாங்க வாங்குனேன், திருடல" என்றார் அந்த மனிதர். மாமாவுக்கு நான் வைத்த பட்டப்பெயர் நத்தை. முகத்துக்கு நேராகவே சொல்வேன். சிரிப்பாரே தவிர வேகம் கூடாது.

அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். எட்டு மாதத்துக்கு முன்னால் சாலை விபத்தில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அதைப் பற்றி அதிகம் பேச எனக்குத் தெம்பில்லை. புண் ஆறி, பயிற்சி முடிந்து, செயற்கைக் கால் வந்தது. திங்கட்கிழமை டாக்டர் முன்னால் வார்டு வராந்தாவில் ஆறு நிமிடம் நடந்து காட்ட வேண்டும். நொண்டாமல் நடந்தால் பழைய வார்டு. இல்லையென்றால் ரெக்கார்டு அறையில் நாற்காலி போட்டுக் கொடுப்பார்களாம், ஓய்வு பெறும்வரை. "அந்த அறைக்குப் போனா நான் செத்துருவேன்டா" என்று ஒருநாள் என்னிடம் மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை மத்தியானம் கூடத்தில் நடந்து பழகிக்கொண்டிருந்தவள் சட்டென்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். கழற்றிப் பார்த்தால் முழங்காலுக்குப் பின்னால் தோல் சிவந்து கன்றியிருந்தது. காலைப் பொருத்துகிற கெட்டிப் பிளாஸ்டிக் கிண்ணத்தின் பின்விளிம்பு அரம் மாதிரி சொரசொரவென்று இருந்தது. வெட்டிவிட்டு மழுக்காமல் விட்டிருக்கிறார்கள். செய்து கொடுத்தவருக்குப் போன் போட்டேன். ஊரில் இல்லை, வியாழக்கிழமைதான் வருவாராம். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் போனே உடைந்திருக்கும். மாமா மெதுவாக வாங்கிப் பேசினார்.

"ஓரத்த மட்டும் மழுக்கலாம்" என்றார் போனில் இருந்தவர். "உருவம் மாறக் கூடாது. உள்பக்கம் கையே வைக்காதீங்க. சூடு ஏறுச்சுன்னா நெளிஞ்சிரும், அப்புறம் புதுசுதான் செய்யணும். ஒரு மாசம் ஆகும்."

ஒரு மாதம் என்றால் திங்கட்கிழமை போச்சு.

ஞாயிறு காலை மூவரும் பட்டறைக்குப் போனோம். மாமா உப்புத்தாளை நனைத்துக் கையாலேயே விளிம்பைத் தேய்க்க ஆரம்பித்தார். ஒன்றரை மணி நேரம். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் மாமா எழுந்து, கடைசி மோட்டாரைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, அதன் சக்கரத்தில் நீலச் சோப்பை ஏற்றினார். கிண்ணத்தை எடுப்பார் என்று பார்த்தால், உடைந்த பிளாஸ்டிக் துண்டு ஒன்றைத் தேடிக்கொண்டு போனார்.

"ஐயோ மாமா, அதான் வருசக்கணக்கா அதே சக்கரம், அதே சோப்பு. இன்னிக்கும் என்ன சோதன வேண்டிக்கெடக்கு?" என்றேன்.

"இருக்கட்டும் மாப்ள. ஒரு நிமிசம்தான்."

துண்டைப் பிடித்தார். எடுத்தார். வெளிச்சத்தில் சாய்த்தார். பூனை பிறாண்டின மாதிரி கோடு கோடாக இருந்தது. மாமா மோட்டாரை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பத்து நாளைக்கு முன்னால், மாமா இல்லாத நேரம், என் பைக் சைலன்சரில் துரு ஏறியிருக்கிறதே என்று தேய்த்தேன். இரும்புக்கென்று இருக்கிற சக்கரம் தேய்ந்து போயிருந்தது. கைக்கு வந்தது இந்தச் சக்கரம்தான். கருப்புச் சோப்பை அதில் வைத்து அழுத்தினேன். அஞ்சு நிமிட வேலை. அப்புறம் கம்பியால் துணியைச் சுரண்டிவிட்டு, மேலே நீலத்தைத் தடவி, பார்க்கப் பழையபடி ஆக்கிவிட்டேன். சுத்தமாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். பதினோரு வருடம் இந்த வேலையில் இருக்கிறவன் நினைக்கிற நினைப்பா அது?

"கருப்பா?" என்றார் மாமா.

"ஆமா மாமா. நான்தான். சைலன்சருக்கு."

ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் அந்தத் துண்டையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது அக்காவின் கிண்ணமாக இருந்திருந்தால், தேய்த்த ஒன்றரை மணி நேரமும் வீண். அந்தக் கோடுகள் அவள் தோலில் போய் உட்கார்ந்திருக்கும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்காவின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

"ஞாயித்துக்கிழம, கடையெல்லாம் பூட்டிருப்பான். புதுச் சக்கரம் கெடைக்காது" என்றேன் தரையைப் பார்த்துக்கொண்டு.

அக்கா வாயைத் திறந்தாள். "ஏங்க, இது துணிதான? நம்மகிட்ட துணி இல்லையா என்ன?"

மாமாவின் முகம் மாறியது. "மெத்துனு இருக்கணும். தூசி இருக்கக் கூடாது. சாயமும் போகக் கூடாது."

"வீட்டுல பழைய கம்பளித்துணி விரிப்பு இருக்கு. போன வாரம்தான் தொவச்சேன். டேய், போய் எடுத்துட்டு வா. வரும்போது பஞ்சும் ஊசிநூலும்."

அந்தப் பைக்கிலேயே பறந்தேன். தட்டை வைத்து வட்டம் போட்டு, இருபத்திரண்டு வட்டம் வெட்டினேன். அக்காதான் தைத்தாள். நடுவில் மட்டும் ஒரு வரிசைத் தையல், ஓரமெல்லாம் தொளதொளவென்று. இறுக்கித் தைத்தால் சக்கரம் கெட்டியாகிப் பிளாஸ்டிக்கைச் சூடாக்குமாம். நர்ஸ் கை, ஒவ்வொரு முடிச்சும் ஒரே அளவு. வேறு மோட்டாரின் தண்டை நானே மூன்று தடவை துடைத்தேன். நான்காவது தடவை மாமா துடைத்தார். நான் வாயே திறக்கவில்லை.

புதுச் சக்கரம் முதலில் நூலாகக் கொட்டியது. நூல் நின்றபின், புதிதாகப் பிரித்த நீலக் கட்டியைத் தொட்டார். மறுபடியும் உடைந்த துண்டில் சோதனை. கண்ணாடி மாதிரி வந்தது. அதற்கப்புறம்தான் கிண்ணத்தை எடுத்தார். தொடுவார், எடுப்பார், விரலால் சூடு பார்ப்பார், கொஞ்சம் நகர்த்தித் தொடுவார். எங்கேயும் அழுத்தவில்லை. ஒரு விளிம்பைச் சுற்றி வர முக்கால் மணி நேரம். வாழ்க்கையில் முதல் தடவையாக, இந்த மனுஷன் இன்னும் மெதுவாகச் செய்தால் தேவலை என்று நினைத்தேன்.

முடிந்ததும் அக்கா ஒரு பஞ்சைப் பிய்த்து விளிம்பு நெடுக இழுத்தாள். எங்காவது சொரசொரப்பு இருந்தால் நார் மாட்டிக்கொள்ளும். ஓரிடத்தில் மாட்டியது. மாமா வாங்கி மறுபடி சக்கரத்தில் தொட்டார். இரண்டாம் தடவை பஞ்சு முழுசாக வந்தது. வெந்நீரில் கழுவி, மெழுகு வாடை போகும்வரை கழுவி, துடைத்து மாட்டினாள். பட்டறைக்குள் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தாள்.

"எப்டி இருக்கு?" என்றார் மாமா.

"ஓரம் இருக்குறதே தெரியல" என்றாள்.

அப்பாடா என்று நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அவள் வராந்தாவுக்குள் போனாள். எங்களை வெளிக் கதவுக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். ஆறு நிமிடம் என்றால் பத்து ஆறுக்கு வர வேண்டும். பத்தரை ஆனது. பதினொன்று ஆனது. மாமா கால்சட்டைப் பையில் கையை விட்டு விட்டு எடுத்தார். "விழுந்துட்டாளோ?" என்றார். அவர் அப்படிப் பதறி நான் பார்த்ததே இல்லை. எனக்கோ கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பதினொன்றேகாலுக்கு டாக்டரே பை சகிதம் வெளியே வந்தார்.

மாமா எழுந்து அவர் முன்னால் நின்றார். நான்தான் கேட்டேன். "சார், எங்கக்கா?"

"அவங்களா? நல்லா நடந்தாங்களே. அப்பவே முடிஞ்சுது. உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

"அப்ப எங்க சார் போனாங்க?"

அவர் கதவைக் காட்டிவிட்டுப் போனார். நாங்கள் இருவரும் கதவின் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தோம். வார்டின் அந்தக் கோடியில், ஒரு கட்டிலருகே, இடுப்பில் கை வைத்துக்கொண்டு அக்கா நின்றிருந்தாள். கட்டிலில் இருந்த பெரியவர் மாத்திரையை விழுங்காமல் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்திருப்பார் போல. அவள் போட்ட சத்தம் மூடிய கதவையும் தாண்டி எங்களுக்குக் கேட்டது.

எட்டு மாதமாக அவள் யாரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை. மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார்.