கெட்டதைச் சொல்லும் வேலை

கிளாஸ்கோவில் நான் வேலை செய்யும் கட்டடத் தளத்தில் காலையில் கருவியைத் தொடுவதற்கு முன் ஒரு சடங்கு உண்டு. தகரக் கன்டெய்னர் ஒன்றுக்குள் எல்லோரும் டீக் கோப்பையோடு வட்டமாக நிற்போம். ஃபோர்மேன் இயன் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்து, இன்றைக்கு இங்கே என்ன கெட்டது நடக்கக்கூடும் என்று கேட்பார். சாரம் சரியலாம் என்பான் ஒருவன். கிரேனின் கொக்கி நழுவலாம் என்பான் இன்னொருவன். தீப்பிடிக்கலாம், யாராவது உள்ளே மாட்டிக்கொள்ளலாம் என்று சொல்வது என் பங்கு. தீப் பாதுகாப்புக்கென்று அமர்த்தப்பட்டவன் நான். இப்படி எல்லாவற்றையும் விடியற்காலையில் வாய்விட்டுச் சொல்லிவிட்டு, பிஸ்கட்டை டீயில் நனைத்துத் தின்றபடி ஆளாளுக்கு வேலைக்குக் கிளம்பிப் போவார்கள்.

முதல் நாள் என் முறை வந்தபோது, "ஒன்றும் ஆகாது, எல்லாம் நல்லபடியாக நடக்கும்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். நம் பக்கத்தில் ஒரு வேலையைத் தொடங்கும்போது வேறு எதைச் சொல்வோம்? எனக்குக் கேள்வி புரியவில்லை என்று இயன் நினைத்துக்கொண்டார். காது மந்தமானவரிடம் பேசுவதைப் போல, நிறுத்தி நிறுத்தி, உரக்க, மறுபடி கேட்டார். கடவுள் புண்ணியத்தில் ஒன்றும் ஆகாது என்று நானும் இன்னும் அழுத்தமாகச் சொன்னேன். அன்று மதியமே என்னைத் திரும்பவும் பயிற்சி வகுப்பில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள்.

இங்கே ஒரு மருத்துவமனையில் என் மனைவிக்கு நர்ஸ் வேலை. அவளுடைய விசாவோடு ஒட்டிக்கொண்டு வந்தவன் நான். வருவதற்கு முன் சிறுசேரியில் ஒரு பெரிய ஐ.டி. கட்டடம் எழும்பியபோது அங்கே சேஃப்டி சூப்பர்வைசராக இருந்தேன். அங்கேயும் ஆபத்துகளைக் கணித்து எழுதும் ரிஸ்க் அசெஸ்மென்ட் என்று ஒன்று இருந்தது, ஆனால் அது காகிதத்தோடு சரி. வாய்விட்டு யாரும் எதையும் சொல்ல மாட்டோம். இங்கே அதையே தொழிலாகச் செய்கிறேன். எது எரியும், எங்கிருந்து பொறி வரும், அதற்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்று மூன்றையும் பார்த்துச் சொல்ல வேண்டும். அதைவிட வேடிக்கையான இன்னொரு வேலையும் உண்டு. வெல்டர் வேலையை முடித்துக்கொண்டு போன பிறகு, அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். பொறி விழுந்த உடனே எரிந்துவிடாது. பஞ்சுக்குள்ளோ மரத்தூளுக்குள்ளோ புகுந்துகொண்டு, ஆள் நகர்ந்த பிறகு மெதுவாகக் கிளம்பும். அதனால் தளத்தில் எனக்கென்றே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருக்கிறது.

போன கோடையில் விடுமுறைக்கு எங்கள் ஊர் நெம்மேலிக்குப் போனபோது கல்பனா அக்கா வீடு கட்டிக்கொண்டிருந்தாள். மாமா சிறுசேரிக் கம்பெனி ஒன்றுக்கு வண்டி ஓட்டுகிறார். அக்கா அங்கேயே ஹவுஸ்கீப்பிங் மேற்பார்வை. அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுக்கொண்டிருந்த எங்கள் குடும்பத்தில் மாடி வைத்த முதல் வீடு அது. தெருவில் போகிற வருகிறவர்கள் எல்லோரும் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் போனார்கள். அந்தக் கண்களுக்காகவே முதல் மாடி பால்கனியில் ஒரு திருஷ்டி பொம்மையைத் தொங்கவிட்டிருந்தாள் அக்கா. மாமாவின் பழைய சட்டை பேன்ட்டுக்குள் வைக்கோலைத் திணித்து, சட்டித் தலைக்கு மீசை வரைந்து, கயிற்றில் கட்டிய பொம்மை. கடல் காற்றில் அது நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருந்தது.

எனக்கு மீசை கண்ணில் படவில்லை, வைக்கோல்தான் பட்டது. பால்கனியில் தாசன் என்கிற வெல்டர் கம்பிக் கிராதியைப் பொருத்திக்கொண்டிருந்தான். அவன் பொறி தெறிக்கிற இடத்தில் பொம்மை. பொம்மைக்கு நேர் கீழே, சுவரோடு ஒட்டினாற்போல ஒரு கீற்றுக் கொட்டகை. அதில் எல்லம்மா என்கிற காவல்கார அம்மா இருந்தார். இரவெல்லாம் சிமென்ட்டுக்கும் கம்பிக்கும் காவலிருந்துவிட்டு, பகலில் தாசன் வெல்டிங் வைக்கிற நேரத்தில்தான் அடித்துப்போட்டாற்போலத் தூங்குவார். எது எரியும், எங்கிருந்து பொறி, கீழே யார் என்ற மூன்று கேள்விக்கும் பதில் ஒரே சுவரில் வரிசையாக இருந்தது. வந்த இரண்டாம் நாளே வாசலில் நின்று சொன்னேன், இந்தப் பொம்மை பற்றிக்கொள்ளும், கொட்டகையும் சேர்ந்து எரியும், எல்லம்மா வெளியே வர முடியாது என்று. கிளாஸ்கோ பழக்கத்தில் கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன். எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்கா முகம் சுண்டிப் போனது. "ஏன்டா, நல்ல வூட்டாண்ட நின்னுகினு இன்னா பேச்சு பேசுற நீ? வாய வெச்சிகினு சும்மா இருக்க மாட்ட?"

"வாயால சொன்னா எரியாதுக்கா. பொறி வுழுந்தாதான் எரியும்."

"கிரகப்பிரவேசம் ஆவற வரைக்கும் பொம்மைய எறக்கக் கூடாது. அவ்ளோதான். ரெண்டு வருசத்துக்கு ஒருவாட்டி வந்து நின்னுகினு எங்களுக்குச் சொல்லித் தராத."

கடைசியாகச் சொன்னது சுருக்கென்று தைத்தது. ஆனாலும் எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். அந்த வாரம் முழுக்க மறுபடி மறுபடி சொன்னேன், அக்காவிடம், மாமாவிடம், தாசனிடம், டீக்கடையில் கேட்டவர்களிடம். யாரும் அசையவில்லை. அதனால் தாசன் வெல்டிங்கை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகும்போதெல்லாம், ஒரு நாற்காலியைப் போட்டு, பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீரை வைத்துக்கொண்டு, பொம்மையைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். தாசனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இன்னா அண்ணாத்த, சும்மா ஒக்காந்துகினு இருக்கறதுக்கா அங்க சம்பளம் தராங்க? எனக்கும் ஒரு சேரு போடச் சொல்லு, நானும் வந்துடறேன்." நானும் சிரித்துவைத்தேன். வெளியிலிருந்து பார்த்தால் அது சிரிக்கக்கூடிய வேலைதான்.

அக்கா ஏன் அப்படி வெடித்தாள் என்பது எனக்குத் தெரியாததில்லை, அப்போது நினைவில் எழவில்லை, அவ்வளவுதான். நான் கைக்குழந்தையாக இருந்தபோது எங்கள் கூரை வீடு ஒரு சித்திரை மதியத்தில் எரிந்தது. பக்கத்தில் இன்னும் சில வீடுகளும் போயின. அன்று காலையில்தான் அப்பா தெருக்குழாயடியில் நின்று, "இந்த வெயிலுக்குக் கூரை தானா பத்திக்கும் போல" என்று விளையாட்டாகச் சொல்லியிருக்கிறார். எந்த அடுப்பிலிருந்து பொறி பறந்தது என்று யாரும் தேடவில்லை. அப்பாவின் வாய் என்று முடிவாகிவிட்டது. அதற்குப் பிறகு கல்யாணம், காதுகுத்து என்று எந்த நல்ல காரியத்திலும் அவர் பக்கத்தில் வந்தால் பேச்சை மாற்றுவார்கள். சாகிற வரைக்கும் பொது இடத்தில் அவர் அதிகம் பேசியதில்லை. இதெல்லாம் அக்கா பார்த்து வளர்ந்தது, எனக்கு அவள் சொல்லிக் கேட்டது மட்டுமே.

அந்த வாரக் கடைசியில் ஒருநாள், மதியம் கடல் காற்று திரும்பிய நேரம். தாசன் கிராதியின் கடைசி மூலையைப் பற்றவைத்துவிட்டு டீக்கடைக்குப் போயிருந்தான். நான் நாற்காலியில் இருந்தேன். பொம்மையின் அக்குளிலிருந்து பீடிப் புகை போல மெல்லியதாக ஒன்று வந்தது. தூசி என்று நினைக்கத் தோன்றுகிற அளவுதான். எழுந்து ஓடி, கொட்டகைக்குள் குனிந்து எல்லம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் தூக்கக் கலக்கத்தில் திருடன் என்று நினைத்து என்னை ஓங்கி அறைந்தார். அறையை வாங்கிக்கொண்டே அவரை வெளியே கொண்டுவந்து தள்ளினேன். அதற்குள் சட்டை பொசுங்கி, கயிறு அறுந்து, பொம்மை எரிந்தபடியே கீற்றின் மேல் விழுந்தது. காற்றுக்குக் கீற்று சரசரவென்று பிடித்தது. ஒரு வாளியை நான் வீசினேன். கூச்சலைக் கேட்டு ஓடிவந்த தாசன் இன்னொன்றை வீசினான். பிறகு புதுச் சுவரை நனைக்க வைத்திருந்த டிரம்மிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றினோம். கொட்டகையின் பாதி கரியாகி நின்றது. எல்லம்மா மணலில் உட்கார்ந்து தன் கால்களையே தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் தெரு கூடிவிட்டது. யாராவது, அந்த நாற்காலிக்கு அர்த்தம் இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். பொய் சொல்வானேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டே நின்றேன். எல்லம்மாதான் முதலில் பேசினார். "நல்ல பொம்மைம்மா இது. எனக்கு வர வேண்டியத அது வாங்கிகிச்சி." கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. பிறகு பின்னாலிருந்து ஒரு குரல், "ஒரு வாரமா நெருப்பு நெருப்புன்னு சொல்லிகினே இருந்தாரு, ஆயிடுச்சு பாத்தியா" என்றது. யாரும் அதற்கு ஆமாம் போடவில்லை, மறுக்கவும் இல்லை.

அக்கா உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். எல்லோரும் பார்க்க என் கையில் கொடுத்தாள். "கொப்பளிச்சித் துப்பு."

"அக்கா, பொறி பட்டுத்தான்..."

அவள் கிட்டே வந்து, எனக்கு மட்டும் கேட்கிறாற்போலச் சொன்னாள். "எனக்குத் தெரியும்டா. தெருவே பாத்துகினு கீது. அப்பாவுக்கு ஆனது உனக்கு ஆவக் கூடாது. இங்கயே துப்பிடு, இத்தோட போவட்டும். துப்புடா."

வாரம் முழுக்க நான் எல்லம்மாவுக்கு வரக்கூடிய ஆபத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எனக்கு வரக்கூடியதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். படிப்பு, பயிற்சி எல்லாம் ஒருபக்கம் இருக்க, வாயைக் கொப்பளித்து மூன்று முறை மண்ணில் துப்பினேன். கூட்டம் கலைந்தது. அழுகை வந்ததை மறைக்க முகத்தையும் கழுவிக்கொண்டேன்.

அடுத்த நாள் புதுப் பொம்மை வந்தது. ஆனால் அது வீட்டில் ஏறவில்லை. வாசல் பக்கம், மணல் குவியலுக்கு நடுவில் நட்ட சவுக்குக் கம்பில், எதற்கும் எட்டாத தூரத்தில் தொங்கியது. எல்லம்மாவின் கொட்டகைக்குத் தகரம் போட்டு எதிர் மூலைக்கு மாற்றினார்கள். நான் கிளாஸ்கோ திரும்பிய பிறகு ஒருநாள் வீடியோவில் பேசும்போது, மாடிப்படிக் கைப்பிடிக்கு வெல்டிங் நடக்கிறது என்றாள். அவளுக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் எல்லம்மா இரண்டு வாளிகளோடு உட்கார்ந்திருந்தார்.

கிளாஸ்கோவில் இப்போது என் முறை வரும்போது தடுமாறாமல் சொல்கிறேன். இன்று நான்காம் தளத்தில் தீப்பிடிக்கலாம், இன்னார் மாட்டிக்கொள்ளலாம். இயன் திருப்தியாகத் தலையசைப்பார். கூட்டம் கலைந்ததும் கன்டெய்னரின் மூலையில் இருக்கும் சிங்க்குக்குப் போய், குழாயைத் திறந்து, வாயைக் கொப்பளித்துத் துப்புகிறேன். இயன் இதைப் பல நாள் கவனித்திருக்க வேண்டும். தளத்துத் தூசி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அவரே முடிவு செய்துகொண்டு, தொண்டைக்கு நல்லது என்று ஒரு புதினா மிட்டாயை நீட்டுகிறார். ஒரு பக்கம் அக்கா நின்று துப்புடா என்கிறாள், மறுபக்கம் அவர் இதைச் சப்பு என்கிறார். தினமும் இரண்டு பேர் சொல்வதையும் கேட்டுவிட்டு, என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிறேன்.