மொன்றியலில் எம்டனுக்குப் பாராட்டுப் பலகை

செப்டம்பர் கடைசி வாரம் மொன்றியல் போனேன். ஊர் சுற்ற அல்ல. பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய தனியார் கண்காட்சியில் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பலைப் பற்றி வைத்திருக்கிறார்கள், மதராஸுக்கென்றே ஒரு பலகை இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். சென்னையில் இருக்கும் அப்பாவிடம் சொன்னதுதான் தாமதம், "அங்க தாத்தா பேரு போட்டிருக்கானா பாரும்மா. போட்டோ எடுத்து அனுப்பு" என்றார்.

அவருடைய தாத்தா மதராஸ் துறைமுகத்தில் நின்றிருந்த ஒரு வணிகக் கப்பலில் சமையலறை ஆள். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் சுட்ட குண்டில் செத்தார். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் "எம்டன்" என்று சொல்ல மாட்டார்கள். பள்ளியில் கணக்கு வாத்தியாரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் மட்டும் வாயைத் திறக்க மாட்டேன்.

டொராண்டோவிலிருந்து காலை ரயில். கிட்டத்தட்ட 540 கிலோமீட்டர், ஐந்தரை மணி நேரம், எனக்கு 86 டாலர் ஆனது. முன்கூட்டியே எடுத்தால் குறையும். ரயில் நிலையத்திலிருந்து வெளியே வராமலேயே பொனவென்சர் மெட்ரோவுக்குப் போய்விடலாம். ஆரஞ்சு வழியில் இரண்டாவது நிறுத்தம் பிளாஸ் தார்ம். டிக்கெட் 3.75. அங்கிருந்து ஆற்றை நோக்கிப் பத்து நிமிட நடை, கல் பாவிய தெரு. குதிகால் செருப்பு போடாதீர்கள்.

நுழைவு 14 டாலர். முதல் அறையில் கப்பலின் கதை, குறை சொல்ல முடியாதபடி வைத்திருந்தார்கள். சீனக் கடற்கரையிலிருந்து கிளம்பி, பொய்யாக ஒரு நான்காவது புகைபோக்கியை நிறுத்திக்கொண்டு ஆங்கிலேயக் கப்பல் வேஷத்தில் வங்கக்கடலுக்குள் நுழைந்தது. வணிகக் கப்பல்களை மடக்கி, ஆட்களை இறக்கிவிட்டு மூழ்கடித்தது. மதராஸில் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. பினாங்கில் ஒரு ரஷ்யப் போர்க்கப்பலையும் ஒரு பிரெஞ்சுக் கப்பலையும் அடித்தது. நவம்பரில் கோகோஸ் தீவில் தந்திக் கம்பியை அறுக்கப் போன இடத்தில் ஆஸ்திரேலியக் கப்பலிடம் வாங்கிக்கட்டிக்கொண்டு பவளப் பாறையில் ஏறி நின்றது. தலைப்பு: "கனவான் கப்பல்."

பரவாயில்லை என்று இரண்டாவது அறைக்குப் போனேன். மதராஸ் பலகை அங்கேதான் இருந்தது. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தார்கள்: உயிர்ச்சேதம் ஏதுமில்லை, தமிழர்கள் இந்தக் கப்பலை மதித்துத் தங்களில் கெட்டிக்காரர்களுக்கு இதன் பெயரைச் சூட்டினார்கள்.

எனக்கு உச்சந்தலை வரை கொதித்தது. மதித்தார்களாம். பூச்சாண்டி வருகிறான் என்று சொல்லிப் பிள்ளைக்குச் சோறூட்டுகிறோம். அதற்காகப் பூச்சாண்டிக்குச் சிலை வைப்போமா? அந்த இரவுக்குப் பிறகு பாதி மதராஸ் மூட்டை முடிச்சோடு ஓடியது. அந்தப் பயத்தில் பிறந்த சொல் அது.

சத்தமாகவே திட்டியிருக்கிறேன் போல. மூலையில் சீருடையில் நின்ற காவலாளி பக்கத்தில் வந்தார். அறுபது வயதிருக்கும், சட்டையில் யோகன் என்று பெயர்.

"தமிழோ, தங்கச்சி?"

"ஆமா. இந்த அபத்தத்தை யாரு எழுதினது?"

அவர் பலகையைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "எழுதினது அவையள். ஆனா எம்டன் எண்டா என்னெண்டு என்னட்டத்தான் கேட்டவை. லேசில பிடிபடாத ஆள், கெட்டிக்காரன் எண்டு சொன்னனான். எங்கட ஊரில அப்பிடித்தானே கதைக்கிறது."

"எங்க தாத்தாவோட அப்பா அந்தக் குண்டுலதான் செத்தாரு அண்ணா."

"ஆக்கள் செத்தது எனக்குத் தெரியாது, தங்கச்சி" என்றார். பிறகு அவரே பொறுப்பாளரை அழைத்து வந்தார். நல்ல பெண், முப்பது வயதுக்குள். யோகன் அண்ணை பிரெஞ்சில் விளக்கினார், நான் ஆங்கிலத்தில் கத்தினேன். அவள் தலையாட்டினாள், வருந்தினாள். பலகைகள் அச்சாகிவிட்டன, கண்காட்சி முடிகிற வரை எதுவும் செய்ய முடியாது என்றாள். ஒரு தாளை ஒட்டக்கூடாதா என்று கேட்டேன். அறையின் அழகு கெட்டுவிடுமாம். இதை எழுதும்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

அவள் போன பிறகு, "செத்தவங்க இருக்காங்கன்னு பிரெஞ்சுல எப்படிச் சொல்றது?" என்று யோகன் அண்ணையிடம் கேட்டேன்.

"இல் யா யூ டே மோர்."

நான்கைந்து முறை சொல்லிப் பார்த்தேன். பிறகு பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். படிக்க வருகிற ஒவ்வொருவரிடமும் "பொன்ஷூர்" என்று தொடங்கி அந்த வரியைச் சொன்னேன். சிலர் விலகிப் போனார்கள். ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். பெயரைச் சொன்னேன். சின்னசாமி. அவர் அதைத் தப்பும் தவறுமாகத் திருப்பிச் சொன்னார். அந்த ஊர்க்காரர்களில் அந்தப் பெயரை முதலில் உச்சரித்தவர் அவராகத்தான் இருப்பார்.

பார்வையாளர்களைத் தொந்தரவு செய்பவரை வெளியே அனுப்புவது யோகன் அண்ணையின் வேலை. அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மறுபக்கச் சுவரைக் காவல் காத்தார். மூடுகிற நேரத்தில் வந்து, "தங்கச்சி, நீங்கள் சரியான எம்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். "கெட்டிக்காரி" என்றார்.

கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் தோழி வீட்டில் தங்கினேன். சென்னையில் விடிந்ததும் அப்பாவை அழைத்தேன். பேர் போட்டிருக்கிறானா என்று கேட்டார். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

"டிக்கெட்டை மாத்திக்கோ. நாளைக்கும் போய் நில்லு" என்றார்.

மாற்றிக்கொண்டேன். கூடுதலாக 30 டாலர்.

போகிறவர்களுக்கு: திங்கட்கிழமை விடுமுறை. பெரிய பையை வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள். ஆற்றங்கரையில் காற்று அதிகம், கழுத்துக்குத் துணி எடுத்துப் போங்கள். பிரெஞ்சு தெரியாவிட்டால் பயமில்லை, ஆங்கிலத்திலேயே சமாளிக்கலாம். ஒரே ஒரு வரியை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இரண்டாவது அறையில், இடது பக்கம், மூன்றாவது பலகை. யாராவது படித்துக்கொண்டிருந்தால் பக்கத்தில் நின்று சொல்லுங்கள்: இல் யா யூ டே மோர். யார் என்று கேட்டால், சின்னசாமி.