ஊர்ப் பேருக்குப் பின்னால் ஒரு சாய்கோடு

என் அண்ணனின் இடது கையை வீல் ஸ்பானரால் உடைத்தவருக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். அடித்தது அவர்தான். அடி விழ வழி பண்ணியது நான். கம்ப்யூட்டரில் ஒரு ஊரின் பேரை எழுதி, அதன் பின்னால் ஒரு சாய்கோடு போட்டேன். நான் செய்தது அவ்வளவுதான். அந்த ஊரின் பேரை இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை எழுதிப் பட்டது போதும்.

தொண்ணூறுகளின் கடைசி. வண்ணார்பேட்டையில் பஸ் ஹாரனுக்கு மேலே, ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அண்ணனுக்கு ஒரு வேன் இருந்தது. கல்யாணம், திருச்செந்தூர், எல்லாவற்றுக்கும் மேலாகத் திருவனந்தபுரம் ஏர்போர்ட். வளைகுடாவில் வேலை பார்த்த நம் பக்கத்து ஆட்கள் அங்கே ஆபீஸ் கம்ப்யூட்டரில் இன்டர்நெட் மேய ஆரம்பித்திருந்தார்கள். ஊருக்குக் கிளம்பும் முன் அங்கிருந்தே வண்டி பேசிவிடலாமே என்று எனக்குத்தான் தோன்றியது. அண்ணன் கேட்கவே இல்லை. நானாக வலியப் போய், காசில்லாமல் கிடைத்த ஓர் இடத்தில் அவனுக்கு வெப்சைட் போட்டேன்.

முகவரியை எப்படிப் பிரிப்பது என்று ஒரு வாரம் யோசித்தேன். வண்டி, ஏர்போர்ட், கல்யாணம் என்று வேலைவாரியாகப் பிரிக்கலாம். இல்லையென்றால் ஊர்வாரியாக. வெப்சைட் பேருக்குப் பின் ஒரு சாய்கோடு, மேலப்பாளையம். இன்னொரு சாய்கோடு, உவரி. அடுத்தது வண்ணார்பேட்டை. நாலாவது அந்த ஊர். தூரதேசத்தில் இருக்கிறவன் தேடும்போது சொந்த ஊரின் பேரைத்தான் முதலில் தட்டுவான். முகவரியிலேயே ஊர்ப் பேர் இருந்தால் தேடுகிற தளங்கள் நம்மை முன்னால் காட்டும். ஆகவே ஊர்வாரிதான் என்று முடிவு கட்டினேன். இன்றைக்குக் கேட்டாலும் கணக்குச் சரிதான் என்பேன். அதுதான் என்னைக் கொல்கிறது.

அண்ணனைக் கூட்டிவந்து திரையில் காட்டினேன். அவன் முகம் சுருங்கியது.

"ஏட்டி, ஊர் பேரைப் போடாத. வேன்னு போடு, ஏர்போர்ட்டுன்னு போடு. அடுத்தவன் ஊரை நாம எழுதக் கூடாது."

வேன் ஸ்டாண்டுகளுக்கு ஒரு சட்டம் உண்டு. எந்த ஊர் வண்டியும் எந்த ஊரிலும் ஆளை இறக்கலாம், ஏற்றக் கூடாது. ஏற்றுவது அந்தந்த ஊர் ஸ்டாண்டின் உரிமை. யாரும் எழுதிவைத்த சட்டமில்லை. மீறினால் டயர் கிழியும், அடுத்த முறை கண்ணாடி உடையும்.

"இது ஸ்டாண்டு இல்லண்ணே. இங்கன யாரும் வரிசையில நிக்கல," என்றேன்.

"எங்க இருந்தா என்ன? பேரு பேருதான."

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கோபம் மூக்கு நுனியில். அப்பா சாப்பாட்டுத் தட்டை எறிவார். அண்ணன் கதவை உதைப்பான். நான் கையில் அகப்பட்டதை வீசுவேன். அன்றைக்கு அகப்பட்டது டீ கிளாஸ். அது அவன் காதருகில் போய்ச் சுவரில் உடைந்தது. "ஸ்டியரிங் பிடிக்கிறவனுக்கு இதுல என்ன தெரியும்?" என்று கத்தினேன். பாடம் படிக்க வந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் சட்டையில் தெறித்த டீயைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டான்.

இரண்டு மாதத்தில் துபாயிலிருந்தும் தம்மாமிலிருந்தும் போன் வர ஆரம்பித்தது. ஏர்போர்ட்டில் ஏற்றி ஊரில் இறக்கும்வரை சிக்கலில்லை. ஆனால் லீவு முடிந்து திரும்புகிறவர்களும் அதே நம்பருக்கே கூப்பிட்டார்கள். அதாவது, அந்தந்த ஊரில் போய் ஆளை ஏற்ற வேண்டும்.

அண்ணன் மறுபடி மாடியேறி வந்தான். "மேலப்பாளையத்துல நேத்து கூப்பிட்டு டீ வாங்கிக் குடுத்தாவ. 'எறக்குங்க, சந்தோசம். எங்க ஆளை ஏத்தாதீங்க'ன்னு பைய சொன்னாவ. எல்லா ஊர்லயும் டீ வாங்கிக் குடுக்க மாட்டாவ. எடுத்துரு."

எடுக்கவில்லை. முகவரியை மாற்றினால் தேடுகிற தளங்களில் கஷ்டப்பட்டுப் பிடித்த இடம் போய்விடும், மறுபடி பிடிக்க மாதக்கணக்காகும் என்று விளக்கினேன். உள்ளுக்குள் வேறு காரணமும் இருந்தது. என் வேலை ஜெயித்திருந்தது. ஜெயித்ததை என் கையால் அழிக்க எனக்கு மனசு வரவில்லை.

அந்த ஊரிலிருந்து ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவரும் அவர் மனைவியும் மகளைப் பார்க்க வளைகுடாவுக்குப் புறப்பட்டார்கள். மகள்தான் அங்கிருந்து எங்கள் பக்கத்தைப் பார்த்து வண்டி பேசியிருந்தாள். அண்ணன் முதலில் தயங்கினான். நான்தான், "கெழவன் கெழவி ரெண்டு பேரு. எவன் பாக்கப்போறான்?" என்றேன். காலை பதினோரு மணிக்கு, கடைத்தெரு முழுக்க ஆள் இருக்கும்போது, அவர்களை ஏற்றினான். நடந்ததை வாத்தியார்தான் பிறகு ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்குச் சொன்னார். சொல்லும்போது அவர் வேட்டியில் கண்ணாடித் தூள் இருந்தது.

அந்த ஊர் ஸ்டாண்டு ஆட்கள் எட்டுப் பேர் வண்டியை மறித்திருக்கிறார்கள். முதல் அடியில் முன்கண்ணாடி உள்ளே கொட்டியது. வாத்தியாரின் மனைவி அலறினாள். அந்த இருவரையும் கையைப் பிடித்துப் பத்திரமாக இறக்கி, ஒரு கடையில் உட்கார வைத்து, சோடாகூட வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அப்புறம் ஸ்டாண்டின் மூத்தவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாராம். லீவில் வந்த யாரோ அச்சடித்துக் கொண்டுவந்த எங்கள் பக்கம் அது. கீழ் ஓரத்தில் முகவரி, சாய்கோடு, அவர்கள் ஊர்ப் பேர்.

"ஏல, இது ஒம் நம்பரா?"

"ஆமா, அண்ணாச்சி."

"எங்க ஊர் பேரை எவம்ல எழுதினது?"

அண்ணன் நிமிர்ந்து, "நாந்தான்," என்றிருக்கிறான்.

தங்கச்சி எழுதினாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவனுக்கு மவுஸ் பிடிக்கக்கூடத் தெரியாது.

"எந்தக் கையில கியர் போடுவே?" என்று கேட்டாராம் அவர். பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. அவரும் டிரைவர்தானே. இரண்டு பேர் அண்ணனின் இடது கையை இழுத்து வேன் படியில் வைத்து அழுத்திப் பிடித்தார்கள். மூத்தவர் கையிலிருந்த வீல் ஸ்பானர் மூன்று முறை இறங்கியது. இரண்டாவது அடியிலேயே எலும்பு வெளியே தெரிந்தது என்று வாத்தியார் சொன்னார். மூன்றாவது எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. என்னிடம் கேட்டார்.

சாயங்காலம் எங்கள் ஸ்டாண்டு ஆட்கள் பன்னிரண்டு பேர் ஆஸ்பத்திரி வாசலில் கூடினார்கள். போலீசுக்குப் போகலாமா, பேசித் தீர்க்கலாமா என்று இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கையிலும் கிடந்த வளையல்களைக் கழற்றி அவர்கள் காலடியில் வீசினேன். "இந்தாங்க, போட்டுக்கிடுங்க!" ஒருவர் மட்டும் குனிந்து, வளையல்களைப் பொறுக்கி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை இரண்டு வண்டியில் போனார்கள். அந்த ஊர் ஸ்டாண்டில் ஒரே ஒருவர் தன் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். முந்தின நாள் அவர் ஊரிலேயே இல்லை; சவாரிக்குப் போயிருந்தார். அது யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவுமில்லை. இரும்புக் கம்பி அவர் நெற்றியில் பட்டுச் சறுக்கி வலது கண்ணில் இறங்கியது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். இரண்டு நாளும் எய்தவள் ஒருத்திதான். அவள் மாடியில் உட்கார்ந்து பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

போலீஸ் வந்தது, கேஸ் ஆனது, கடைசியில் இரண்டு ஸ்டாண்டும் உட்கார்ந்து பேசின. 'எங்கள் ஊர்ப் பேரை எடு' என்பதுதான் அந்த ஊர்க்காரர்கள் வைத்த முதல் நிபந்தனை. அன்றே எடுத்தேன். ஒரே ஒரு பட்டனைத் தட்டினால் போதும். அண்ணன் சொன்ன அன்றைக்கும் அவ்வளவுதான் ஆகியிருக்கும்.

ஆனால் பக்கத்தை அழித்தாலும் தேடுகிற தளங்கள் அதை மறக்கவில்லை. பழைய முகவரியை வளைகுடாவில் இருந்தவர்களும் ஒருவருக்கொருவர் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பக்கம் இல்லை என்று வந்தால், சிலர் வெப்சைட்டின் முன்பக்கத்துக்குப் போய் எங்கள் நம்பரை எடுத்தார்கள். அண்ணனின் மூன்று விரல்கள் மடங்கவே இல்லை. வண்டியை விற்றாயிற்று. நாள் முழுக்க வீட்டில், போன் பக்கத்தில்தான் இருந்தான். "அந்த ஊருக்கு வண்டி வருமா?" என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் ரிசீவரை வலது கையில் பிடித்துக்கொண்டு, "இல்லங்க, நான் இப்ப ஓட்டல" என்று சொல்வான். ஒரு நாள்கூட என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் எதையாவது எடுத்து எறிந்து ஆறியிருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனே கூப்பிட்டான். "அந்தக் கண்ணு போனவரு ஆள் வச்சு ஓட்டுதாராம். பழைய பேர்லயே பக்கத்தைத் திருப்பிப் போடு. அவரு நம்பரை எழுது."

"ஒன் கைய ஒடச்ச ஊருண்ணே."

"அவரு ஒடைக்கல. அது அவரு ஊரு. ஏத்தட்டும்."

சென்டருக்கு வந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். அதே பேர், அதே சாய்கோடு, கீழே அவருடைய நம்பர். அடித்து முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பத்து விரலும் நன்றாக வேலை செய்தன. நீ எந்தக் கையால் எழுதினாய் என்று இன்றுவரை என்னை யாரும் கேட்கவில்லை.