துரையைப் பார்க்க நான்கு பேர்

முப்பத்திரண்டு வருஷம் சர்க்கார் ஆபீசில் குப்பை கொட்டியவன் நான். எந்தக் காகிதம் எந்த மேஜை வழியாகப் போக வேண்டும், எந்த விதிக்கு எங்கே விலக்கு என்று இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்த ஞானத்தால் யாருக்கு என்ன உபகாரம் என்று பேரன்மார் கேட்கிறார்கள். ஒருவனுக்கு நடந்த உபகாரத்தை மட்டும் சொல்கிறேன்.

தலைநகரம் டில்லிக்குப் போகாத காலம். கல்கத்தாவில் எங்கள் செக்ஷனில் மொத்தமே நான்கு குமாஸ்தாக்கள், நால்வரும் மதராஸிகள். பவானிபூரில் ஒரு வீடு பிடித்து, சமையலுக்கு ஆள் வைத்துக்கொண்டு ஒன்றாக இருந்தோம். மூத்தவர் ஹெட் கிளார்க். துரைமார் எதிரில் வாய் திறக்கக் கிடைத்த சந்தர்ப்பம் எதையும் அவர் விட்டதில்லை. அடுத்தவர் டைப்பிஸ்ட், பஞ்சாங்கத்தைக் கேட்காமல் நகம்கூட வெட்டிக்கொள்ள மாட்டார். மூன்றாவது நான். நான்காவது ஒரு மாயவரத்துக்காரன். ஐந்து வருஷமாக டெம்பரரி. வேலை நிரந்தரமாகாமல் பெண்ணைக் கண்காணாத ஊருக்கு அனுப்ப மாட்டேன் என்று மாமனார் கடிதத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். பிறந்து எட்டு மாதமான தன் குழந்தையை அவன் இன்னும் பார்க்கவில்லை.

செக்ஷனில் ஒரு நிரந்தர இடம் காலியாயிற்று. பெரிய துரை அப்போது பாரக்பூரில் முகாம். திங்கட்கிழமை பதினொரு மணிக்கு நேரில் வரும்படி அவனுக்கு உத்தரவு வந்தது. உத்தரவில் இருந்தது ஒருவன் பெயர்தான். ஆனால் எங்கள் ஜனங்களுக்கு ஒருவனைத் தனியாக அனுப்பிப் பழக்கமில்லை. பெண் பார்க்கப் போனாலும் பல் பிடுங்கப் போனாலும் கூடவே மூன்று பேர் வேண்டும். மூவரும் லீவு எழுதினோம். மூன்று லீவுக்கும் ஹெட் கிளார்க்கே சிபாரிசும் எழுதினார்.

அடுத்த சங்கடம் ராகுகாலம். திங்களன்று ஏழரையிலிருந்து ஒன்பது. ரயிலைப் பிடிக்க எட்டு மணிக்குக் கிளம்பியாக வேண்டும். பரஸ்தானம் வைத்துவிடலாம் என்றார் டைப்பிஸ்ட். பயண மூட்டையை முன்னதாகவே நல்ல வேளையில் வேறு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், ஆள் அப்போதே புறப்பட்டதாக அர்த்தம்; அப்புறம் ராகுவுக்கு அவன்மேல் பாத்தியதை இல்லை. வழக்கமாக ஒரு வேஷ்டியும் பிடி அரிசியும் வைப்பார்கள். எங்கள் நிபுணருக்கு அது போதவில்லை.

“காரியம் எதுக்கோ அதையே வைக்கணும் ஓய். வேஷ்டிக்கா உத்தியோகம் கொடுக்கப் போறா?”

ஆகவே சர்டிபிகேட்டுகள், நற்சாட்சிக் கடிதங்கள், துரையின் உத்தரவு எல்லாம் மஞ்சள் துணியில் கட்டப்பட்டு, ஞாயிறு காலை பக்கத்து வீட்டு வங்காளி பாபுவிடம் போய்ச் சேர்ந்தன. அவர் காரணம் கேட்கவில்லை. எங்கள் காரியங்களுக்குக் காரணம் கேட்பதை அவர் எப்போதோ விட்டுவிட்டார்.

திங்கள் காலை எட்டு மணிக்கு அவர் வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. பெஹாலாவில் மைத்துனர் குழந்தைக்கு அன்னப்பிராசனம், விடியலிலேயே குடும்பத்தோடு போய்விட்டார் என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். மாயவரத்துக்காரன் பூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஹெட் கிளார்க் டைப்பிஸ்டைப் பார்த்தார்.

“மூட்டை நல்ல நேரத்துல கிளம்பிடுத்து. அதுல ஒரு தோஷமும் இல்லை,” என்றார் டைப்பிஸ்ட்.

“அப்போ மூட்டைக்கு வேலை ஆயிடும். எனக்கு?” என்றான் அவன்.

இந்த இடத்தில்தான் என் ஞானம் வந்து நின்றது. எல்லாம் சர்வீஸ் புக்கில் ஏறியிருக்கிறது, அது துரையிடம் போயாயிற்று, காகிதம் எதுவும் வேண்டாம் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். உண்மையும் அதுதான். நிறுத்த மனம் வரவில்லை. ஒருவேளை கேட்டால், நிரந்தர உத்தியோகஸ்தர் இருவர் நேரில் சாட்சி சொன்னால் போதும் என்ற விதியை, அதன் எண்ணோடு எடுத்துச் சொன்னேன். ஹெட் கிளார்க்கின் முகம் மலர்ந்துவிட்டது. வாசலில் காத்திருக்கக் கிளம்பியவருக்கு உள்ளே போக விதி கிடைத்துவிட்டதே!

டிராமில் சியால்டா, அங்கிருந்து ரயில். வழியெல்லாம் ஹெட் கிளார்க் உதட்டை அசைத்து இங்கிலீஷ் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார். பேட்டிக்குப் போகிறவன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். துரையின் பங்களாவில் கூப்பிட்டதும் நால்வரும் எழுந்தோம். பியூன் தடுத்தான். ஹெட் கிளார்க் விதியின் எண்ணைச் சொன்னார். இங்கிலீஷ் தெரியாத பியூன் பயந்து வழிவிட்டான்.

துரை சர்வீஸ் புக்கைப் புரட்டிக்கொண்டிருந்தார். சர்டிபிகேட்டைக் கேட்கவே இல்லை. அவனிடம் நாலைந்து கேள்வி கேட்டார். நன்றாகவே பதில் சொன்னான். துரை தலையைக்கூட ஆட்டினார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்து, இவர்கள் யார் என்றார். ஹெட் கிளார்க் பதவிப் பெயர்களோடு அறிமுகம் செய்தார். அப்படியானால் இன்று செக்ஷனில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார் துரை. காகிதக் கட்டு கட்டும் தப்தரி இருக்கிறான் என்றார் ஹெட் கிளார்க். வேலை கெடாதா என்றார் துரை.

ஹெட் கிளார்க் நிமிர்ந்து நின்றார். தம் மேற்பார்வையில் செக்ஷன் அவ்வளவு ஒழுங்கு என்றும், நால்வரும் ஒரு நாள் இல்லாவிட்டாலும் ஒரு காகிதம் தேங்காது என்றும் அழகான இங்கிலீஷில் தெரிவித்தார். மிகவும் சந்தோஷம் என்று சொல்லி, துரை ஒரு வரி எழுதினார்.

மேஜைக்கு எதிர்ப்புறம் நின்றபடி காகிதத்தைத் தலைகீழாகப் படிப்பது குமாஸ்தாவின் முதல் படிப்பு. படித்தேன். செக்ஷனில் ஆள் மிகை. காலியிடத்தை நிரப்ப வேண்டியதில்லை.

திரும்பும் ரயிலில் ஹெட் கிளார்க் தம் பேச்சை மூன்று முறை திருப்பிச் சொன்னார். டைப்பிஸ்ட் எல்லாம் பரஸ்தானத்தின் பலன் என்றார். மாயவரத்துக்காரன் என் பக்கம் சாய்ந்தான்.

“அண்ணா, கடைசியா என்ன எழுதினார்?”

“கையெழுத்து புரியலைப்பா,” என்றேன்.

அன்று சாயங்காலமே மஞ்சள் மூட்டை பத்திரமாகத் திரும்பி வந்தது. ஐந்தாம் நாள் உத்தரவும் முறைப்படி ஹெட் கிளார்க்கின் மேஜைக்கே வந்தது. டெம்பரரி வேலையும் மாதக் கடைசியோடு முடிந்தது. ஊருக்குக் கிளம்புகிறவனுக்கு நல்ல நேரம் பார்க்க டைப்பிஸ்ட் பஞ்சாங்கத்தோடு வந்தார்.

“வேண்டாம். ராகுகாலத்துலேயே போறேன்,” என்றான். பிறகு எங்கள் மூவரையும் பார்த்து, “ஸ்டேஷனுக்கு யாரும் வராதேங்கோ,” என்றான்.

நாங்கள் போகவில்லை. போயிருக்கவும் முடியாது. அவன் பார்த்த வேலையை எங்களுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். யாருக்கும் லீவு கிடைக்கவில்லை.